கல்லூரிப் பிள்ளைக்கு மடிக்கணினி: கடைக்குப் போகுமுன் படிப்பைக் கேளுங்கள்!



பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகிக் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டால், நம் இல்லங்களில் அடுத்து எழும் பேச்சு மடிக்கணினியைப் பற்றியதாகவே இருக்கிறது. "எல்லாரும் வாங்கிவிட்டார்கள், வாப்பா" என்று பிள்ளை சொல்கிறது. சவூதியிலோ துபாயிலோ பணிபுரியும் தந்தை, "நல்லதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள், பணம் அனுப்புகிறேன்" என்று தொலைபேசியில் கூறுகிறார். அந்த "நல்லது" எது என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை. தாயும் பிள்ளையும் கடைக்குப் போகிறார்கள். விற்பனையாளர் பத்து நிமிடம் பேசுகிறார். பல மாத உழைப்பின் மிச்சம் கைமாறிவிடுகிறது.

இங்கே இருவகைத் தவறுகள் நேர்கின்றன. கட்டுரை எழுதவும் கணக்குப் பார்க்கவும் போதுமான கணினி தேவைப்படும் பிள்ளைக்கு, விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட பெரும் விலைக் கணினியை வாங்கிக் கொடுப்பது ஒரு தவறு. இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்கி, இரண்டாம் ஆண்டிலேயே அது தள்ளாடத் தொடங்கியபின் மீண்டும் ஒன்று வாங்குவது மற்றொரு தவறு. முதல் தவற்றில் பணம் வீணாகிறது. இரண்டாவதில் பணத்தோடு படிப்பும் தடைப்படுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: கடைக்குப் போனபின் சிந்திக்கத் தொடங்குகிறோம். சிந்தனை வீட்டிலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியவை

பிள்ளையை அருகில் அமர்த்தி மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தப் படிப்பு எத்தனை ஆண்டுகள்? அதில் எந்தெந்த மென்பொருள்களைப் பயன்படுத்த வேண்டியிருக்கும்? கணினியைத் தினமும் கல்லூரிக்குச் சுமந்து செல்ல வேண்டுமா? இவற்றுக்கான விடை பிள்ளைக்குத் தெரியாவிட்டால், அதே துறையில் பயிலும் மூத்த மாணவர் ஒருவரிடமோ துறை ஆசிரியரிடமோ கேட்டு வரச் சொல்லுங்கள். விளம்பரம் சொல்லாத உண்மையை மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

நான்காவதாக ஒரு கேள்வியும் உண்டு: இப்போதே வாங்க வேண்டுமா? தமிழக அரசு 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் சில ஆண்டுகள் அது நின்றிருந்தது. 2025-26ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. உங்கள் பிள்ளை சேரும் கல்லூரிக்கு இத்தகைய உதவி கிடைக்குமா, எந்த ஆண்டு மாணவருக்குக் கிடைக்கும் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம். கிடைக்கும் என்று உறுதியானால், சொந்தப் பணத்தைச் செலவிட அவசரம் வேண்டாம்.

எந்தப் படிப்புக்கு எது?

பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ. போன்ற படிப்புகளில் பெரும்பாலான வேலை கட்டுரை எழுதுவது, கணக்குத் தாள் தயாரிப்பது, இணையத்தில் தேடுவது, விரிவுரை கேட்பது ஆகியவையே. புதிய தலைமுறையைச் சேர்ந்த சாதாரண பிராசஸரும், 8 ஜி.பி. ரேமும், 256 அல்லது 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் இதற்குத் தாராளமாகப் போதும். வணிகவியல் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டேலி மென்பொருள் விண்டோஸில் இயங்குவதற்காகவே செய்யப்பட்டது. ஆகவே அவர்கள் ஆப்பிள் கணினியையோ குரோம்புக்கையோ வாங்கிவிட்டுத் தவிக்கலாகாது.

பி.ஏ. அரபி பயிலும் பிள்ளைக்குத் தனி வகைக் கணினி எதுவும் தேவையில்லை. விண்டோஸின் மொழி அமைப்பில் அரபியைச் சேர்த்துக்கொண்டால் வலமிருந்து இடமாக எழுதலாம். தமிழ் 99 விசைப்பலகையும் விண்டோஸ் 11இல் உள்ளேயே இருக்கிறது. இவற்றுக்கென யாரும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கணினி அறிவியல், பி.சி.ஏ., தகவல் தொழில்நுட்பம் பயில்வோருக்கு ரேம்தான் முதன்மையானது. கைப்பேசிச் செயலிகளை உருவாக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போன்ற மென்பொருள்கள் 8 ஜி.பி. ரேமில் மூச்சுத் திணறும். இவர்களுக்கு 16 ஜி.பி. தேவை. வாங்கும்போது 8 ஜி.பி.தான் இயலும் என்றால், பின்னர் கூட்டிக்கொள்ள இடமுள்ள கணினியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிவில், மெக்கானிக்கல், கட்டடக் கலை பயில்வோர் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், ரெவிட் போன்ற வரைகலை மென்பொருள்களைப் பயன்படுத்துவர். 16 ஜி.பி. ரேமும் தனி கிராபிக்ஸ் கார்டும் இவர்களுக்குத்தான் உண்மையில் பயன்படும். எனினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பொறியியல் முதலாண்டில் கணிதம், இயற்பியல், வேதியியல், நிரல் எழுதும் பயிற்சி போன்ற பொதுப்பாடங்களே மிகுதி. கனமான வரைகலை வேலை பின்னர்தான் வருகிறது. கல்லூரிக் கணினிக்கூடத்தைப் பயன்படுத்திக்கொண்டு ஓராண்டு பொறுத்தால், தேவை எது என்பது பிள்ளைக்கே தெளிவாகிவிடும். ஆட்டோகேட் நிறுவனம் மாணவர்களுக்குத் தன் மென்பொருளை இலவசமாகவே தருகிறது என்பதையும் அறிந்துகொள்க. திருட்டு நகலைப் பதிந்து தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அத்தகைய நகல்களோடு வைரஸும் சேர்ந்தே குடியேறுகிறது.

மருத்துவம், செவிலியர் படிப்புகளில் படிப்பதும் விரிவுரை கேட்பதுமே மிகுதி. இவர்களுக்கு எளிய கணினியே போதும். காட்சித் தொடர்பியல், வடிவமைப்பு பயில்வோர் மட்டும் திரையின் வண்ணத் துல்லியத்தைக் கவனிக்க வேண்டும். விவரத் தாளில் "100 விழுக்காடு எஸ்.ஆர்.ஜி.பி." என்றிருந்தால் வண்ணங்கள் ஒழுங்காகத் தெரியும். "45 விழுக்காடு என்.டி.எஸ்.சி." என்றிருந்தால் சிவப்புகூட வெளிறித்தான் தோன்றும். எழுதவும் படிக்கவும் அது பழுதில்லை. வண்ணத்தோடு தொழில் செய்வோருக்கு ஆகாது.

விவரத் தாளைப் படிக்கும் முறை

கடையில் ஒட்டப்பட்டிருக்கும் விவரத் தாளைக் கண்டு மலைக்க வேண்டாம். நான்கு வரிகளைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முதலாவது, பிராசஸர். "இது ஐ5, அது வெறும் ஐ3" என்று சொல்லி விற்பார்கள். அந்த எண் மட்டும் எதையும் சொல்லிவிடாது. எந்தத் தலைமுறை என்பதே முக்கியம். எடுத்துக்காட்டாக, இன்டெல் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஐ5-7200யூ என்பதில் இரண்டு கோர்களே உள்ளன. 2022இல் வெளியான ஐ3-1215யூ என்பதில் ஆறு கோர்கள் உள்ளன. பெயரில் சிறியது வேலையில் பெரியதாக இருக்கிறது! சிறு கோட்டுக்குப் பின்வரும் எண்ணில் தலைமுறை மறைந்திருக்கிறது: 7200 என்றால் ஏழாம் தலைமுறை, 1215 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2023ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து இன்டெல் "ஐ" என்ற எழுத்தையே விட்டுவிட்டு, கோர் 3, கோர் 5, கோர் அல்ட்ரா என்ற பெயர்களில் புதியவற்றை வெளியிடத் தொடங்கியது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 3, ரைசன் 5 ஆகியவையும் இவற்றுக்கு இளைத்தவை அல்ல. ஆனால் செலரான் என்ற பெயரைக் கண்டால் விலகி நில்லுங்கள். மூன்றாண்டுப் படிப்பை அது தாங்குவது கடினம்.

இரண்டாவது, ரேம். இதைப் படிக்கும் மேசைக்கு ஒப்பிடலாம். மேசை பெரிதானால் பல புத்தகங்களை ஒருசேர விரிக்கலாம். சிறிதானால் ஒன்றை மூடித்தான் மற்றொன்றைத் திறக்க வேண்டும். விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தது 4 ஜி.பி. வேண்டுமென அதன் நிறுவனமே சொல்கிறது. அது உயிரோடிருப்பதற்கான அளவேயன்றி, ஓடியாடி உழைப்பதற்கான அளவன்று. 8 ஜி.பி.க்குக் குறைந்ததை வாங்கலாகாது. இன்னொன்றும் கேளுங்கள்: "ரேமைப் பின்னால் கூட்ட முடியுமா?" சில கணினிகளில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; அதில் கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களுக்கான தேவை பெருகியதால் ரேமின் விலை உலகெங்கும் ஏறியது. ஆகவே போன வருடம் உறவினர் வாங்கிய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது, சேமிப்பு. பழைய ஹார்டு டிஸ்க்கில் சுழலும் தகடு உண்டு. எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பே இல்லை. எனவே பன்மடங்கு விரைவு. பேருந்துக் குலுக்கலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. மிக மலிவான சில கணினிகளில் இ.எம்.எம்.சி. என்ற 64 ஜி.பி. சேமிப்பு இருக்கும். விண்டோஸுக்கே அந்த இடம் நெருக்கடியாகிவிடும். இதைத் தவிர்த்துவிடுங்கள்.

நான்காவது, எடையும் பேட்டரியும். 14 அங்குலத் திரையுள்ள கணினி ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இருக்கும். விளையாட்டுக் கணினி இரண்டு கிலோவைத் தாண்டும். அதன் சார்ஜரும் செங்கல்லைப் போன்றது. புத்தகமும் உணவுப் பாத்திரமும் சுமந்து பேருந்தில் நின்றபடி செல்லும் பிள்ளையின் தோள் இதை அறியும். பேட்டரி பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், அன்றாடப் பயன்பாட்டில் அதற்கு வெகுவாகக் குறைத்தே எதிர்பாருங்கள்.

விவரத் தாளில் இல்லாத ஒன்றும் உண்டு. கடையிலேயே பிள்ளையை நான்கு வரி தட்டச்சு செய்து பார்க்கச் சொல்லுங்கள். விசைகள் விரலுக்கு இசைகின்றனவா, திரை கண்ணை உறுத்துகிறதா என்பதைப் பிள்ளையின் கையும் கண்ணுமே சொல்ல முடியும்.

வளைகுடாவிலிருந்து கொண்டுவரலாமா?

விடுமுறையில் வரும் தந்தையோ மாமாவோ கணினியைக் கொண்டுவருவது நம் இல்லங்களில் வழக்கம். 18 வயது நிரம்பிய பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியைச் சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம். மின்னழுத்தமும் பொருந்தும். ஆயினும் மூன்றைக் கவனிக்க வேண்டும். ஒன்று, வாரண்டி. சில நிறுவனங்கள் சில மாடல்களுக்கு மட்டுமே பிற நாடுகளிலும் வாரண்டி தருகின்றன. வாங்குமுன் அந்த மாடலின் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதை நிறுவனத்திடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டு, அங்கே விற்கும் பலவற்றின் விசைப்பலகையில் அரபி எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். அது குறையன்று, பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும். மூன்று, அமீரகத்தில் வாங்கிய சார்ஜரின் மூன்று முனைகளும் தட்டையானவை. நம் வீட்டுச் சுவரில் செருக அடாப்டரோ வேறு வயரோ தேவைப்படும். விலை வேறுபாடு சிறிதே என்றால், ஊரிலேயே ரசீதோடு வாங்குவதே நிம்மதி.

பழைய கணினி வாங்குவோர்க்கு

அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த கணினிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் விற்பனைக்கு வருகின்றன. திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் போன்ற அலுவலக வகைகள் உறுதியாகச் செய்யப்பட்டவை. வரவு குறைந்த குடும்பங்களுக்கு, புதிய மலிவுக் கணினியைவிட இவை பலமுறை மேலானவை. இதில் தாழ்வு எதுவும் இல்லை.

ஆனால் ஒரு கோட்டைத் தாண்டலாகாது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற, இன்டெல் கணினி பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். ஐ7 என்று பெருமையாகக் காட்டினாலும் ஆறாம் தலைமுறை என்றால் வேண்டாம் என்று சொல்லி நகருங்கள். பேட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக இருந்தபோதைய கொள்ளளவும் இன்றைய கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாதிக்கும் கீழே போயிருந்தால் புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துப் பேசுங்கள். கேமரா, ஒலிபெருக்கி, எல்லா விசைகள், எல்லாத் துளைகள் ஆகியவற்றைச் சோதித்து, ரசீதும் சில மாத வாரண்டியும் தருபவரிடமே வாங்குங்கள்.

தவணைத் திட்டத்தின் உள்ளே

"கூடுதல் செலவே இல்லாத் தவணை" என்ற பலகை இப்போது எங்கும் தொங்குகிறது. வட்டியைத் தவிர்க்க நாடும் குடும்பங்கள் இதன் உள்ளமைப்பை அறிந்துகொள்ள வேண்டும். வழக்கமாக வங்கி தன் வட்டியைக் கணக்கிட்டே வருகிறது. அந்த வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் விலையில் கழித்துக் காட்டுகிறார். கூட்டிப் பார்த்தால் அச்சிட்ட விலையே வருகிறது. ஆனால் கடனட்டைக் கணக்கில் வட்டி என்ற தலைப்பும், அதன்மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், சில வேளைகளில் தனிக் கட்டணமும் தெரியும். பூஜ்ய விழுக்காடு வட்டி என்பதே உண்மையில் இல்லாத ஒன்று என்று ரிசர்வ் வங்கியும் 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் எடுத்துக்காட்டியது.

ஆகவே கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: "முழுத்தொகையும் ரொக்கமாகத் தந்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" பெரும்பாலும் ஏதேனும் குறையும். கையில் முழுத்தொகை இல்லையென்றால், ஒரு பருவம் கல்லூரிக் கணினிக்கூடத்தைப் பயன்படுத்தியபடி மாதந்தோறும் சேர்த்து வாங்கலாம். சில ஊர்களின் பைத்துல்மால்கள் கல்விக்கு வட்டியில்லாக் கடன் வழங்குகின்றன. உங்கள் மஹல்லாவில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு திட்டம் கூடுமா கூடாதா என்ற ஐயம் எழுந்தால், அதன் விவரத்தாளோடு உங்கள் ஊர் ஆலிமிடம் சென்று கேட்பதே முறை.

மகனுக்கு மட்டுமா?

இறுதியாக, சற்றுக் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மகன் பொறியியலில் சேர்ந்தால் கணினி உடனே வந்துவிடுகிறது. மகள் பி.காம்.மில் சேர்ந்தால், "கைப்பேசி இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்கும் வீடுகள் இன்றும் உள்ளன. போதாது என்பதே உண்மை. நாற்பது பக்கத் திட்ட அறிக்கையைக் கைப்பேசியில் எழுதிப் பாருங்கள். விரலும் வலிக்கும், கண்ணும் வலிக்கும், அறிக்கையும் உருப்படாது. வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதவும், மொழிபெயர்க்கவும், வடிவமைக்கவும் பெண்பிள்ளைகளுக்கு இன்று வாய்ப்பு இருக்கிறது. அந்த வாய்ப்பின் வாசற்படி கணினியில் பழகிய கைகள்தான். இரு பிள்ளைகளுக்கு ஒரு கணினிதான் இயலும் என்றால், நேரம் வகுத்துப் பகிர்ந்துகொள்ளச் செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு அமைத்துக் கொடுங்கள். மகனுக்கு விளையாட்டுக் கணினி ஒன்று வாங்கும் தொகையில், பல வேளைகளில், இருவருக்கும் போதுமான இரண்டு சாதாரணக் கணினிகள் கிடைத்துவிடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கடைக்குப் புறப்படுமுன்

ஒரு தாளை எடுங்கள். படிப்பின் பெயர், ஆண்டுகள், தேவையான மென்பொருள், ரேம், எஸ்.எஸ்.டி., தாண்டக்கூடாத தொகை ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தொகையிலேயே நல்ல பை, பென் டிரைவ் ஆகியவற்றின் செலவும் அடங்கட்டும். எழுத்து வேலைக்கு லிபர் ஆபிஸ் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருந்தால், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இணையவழி வேர்டும் எக்செலும் இலவசமாகக் கிடைக்கக்கூடும். இவற்றுக்கெனக் கடையில் தனியே பணம் கட்டுமுன் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது ஜி.எஸ்.டி. ரசீதைப் பெற்று, பெட்டியிலுள்ள வரிசை எண்ணும் கணினியின் அடியிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். அருகில் எந்த ஊரில் சேவை மையம் இருக்கிறது என்று கேளுங்கள். தேநீர் கொட்டினாலும் திரை உடைந்தாலும் சாதாரண வாரண்டி உதவாது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். எழுதியவற்றைப் பென் டிரைவிலும் இணையத்திலும் ஒரு பிரதி வைக்கும் பழக்கத்தை முதல் நாளே தொடங்கச் சொல்லுங்கள். கணினி கெட்டால் மற்றொன்று வாங்கலாம். தேர்வுக்கு முதல் நாள் அழிந்துபோன அறிக்கையை எந்தக் கடையில் வாங்குவது?

அந்தத் தாளோடு கடைக்குச் சென்றால், பேசுபவர் விற்பனையாளராக இருக்கமாட்டார், நீங்களாக இருப்பீர்கள். "இதைவிடப் பெரியது இருக்கிறது" என்று அவர் சொல்லும்போது, "என் பிள்ளையின் படிப்புக்கு இது போதும்" என்று தெளிவாகச் சொல்ல முடியும். கடல் கடந்து உழைப்பவர் அனுப்பிய பணத்துக்கு நாம் காட்டும் மரியாதையும் அதுதான்.